அழகான ஸ்பீக்கரா, நல்ல ஒலியா?

முத்தியால்பேட்டையிலிருந்து:
எங்களுடையது பழைய வீடு, மெட்ராஸ் டெரஸ் கூரை, ஹால் நல்ல உயரம். எனக்குப் பிடித்திருப்பது ஒரு ஜோடி கறுப்பு புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் (அலமாரியில் அடங்கும் சின்னப் பெட்டி). வீட்டில் மனைவி விரும்புவது மேசை மேல் ஒற்றையாக உட்காரும் அழகான மாடல். அதிகம் கேட்பது நாதஸ்வரமும் தவிலும்தான். எதை விட்டுக்கொடுப்பது?

மஞ்சக்குப்பம், கடலூர்:
தம்பி, ஜோடியையே வாங்குங்கள். ஒரே பெட்டியில் இரண்டு சேனலையும் அடைத்தால் இடது வலது சரியாகப் பிரியாது. தவிலில் தொப்பியின் (இடது பக்கம்) குச்சி அடி வேறு, வலந்தலையில் (வலது பக்கம்) கூடு என்ற உறை போட்ட விரல் விழும் சத்தம் வேறு, இரண்டும் தனித்தனியாகக் காதில் விழாவிட்டால் அது தவிலே இல்லை! ட்வீட்டர் (கீச்சு ஒலி தரும் சின்னக் கூம்பு) காது உயரத்தில் இருக்கட்டும், மூலையில் ஒட்டி வைத்தால் பாஸ் (கனமான அடி ஒலி) வீங்கிவிடும்.

லாஸ்பேட்டை:
அண்ணா சொல்வது சரி, ஆனால் வீட்டில் ஒருவருக்குப் பிடிக்காத பெட்டி கடைசியில் பீரோவுக்குப் பக்கத்து மூலைக்குத்தான் போகும், அங்கே எவ்வளவு நல்ல ஸ்பீக்கரும் மொத்தையாகத்தான் பாடும், அதனால் தோற்றத்தைத் தள்ளிவிடாதீர்கள். மர வெனீர் (மெல்லிய மரத் தகடு) போட்ட ஜோடிகளும் கிடைக்கின்றன, அக்காவையும் கடைக்குக் கூட்டிப்போய்க் கேளுங்கள். அப்புறம் வெறும் தரையில் ஒரு ஜமுக்காளம், ஜன்னலுக்குக் கனமான திரை. எதிரொலி குறையும், ஹாலும் அழகாகும்.

அரியாங்குப்பம்:
சென்சிட்டிவிட்டியையும் (ஒரே பவருக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) பாருங்கள் சார். 86 டெசிபெல் ஸ்பீக்கர், 89 டெசிபெல் ஸ்பீக்கர் அளவுக்குச் சத்தம் தர ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) இரண்டு மடங்கு பவர் தர வேண்டும். கடல் காற்றில் ஸ்பீக்கரின் செம்புக் கம்பி பச்சை பூக்கும், முனைகளை அவ்வப்போது சுத்தம் செய்யுங்கள்.