ஆயிரம் வருட ஓவியத்துக்கு யாருக்குக் காப்பிரைட்?

சுவடித்தூசி:
எங்கள் ஊர் வரலாற்று மன்றத்துக்காக நாற்பது பக்கத்தில் ஒரு சிறு நூல் போடுகிறோம், தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களைப் பற்றி. சுந்தரர் வெள்ளை யானையில் கயிலைக்குப் போகும் காட்சி ஒன்றாவது வேண்டும். படம் வைத்திருக்கும் ஓர் இடத்துக்கு எழுதிக் கேட்டால் ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று தொகை சொல்கிறார்கள், அந்தக் காசில் நூலையே இன்னொரு தடவை அச்சடித்துவிடலாம். ராஜராஜன் காலத்து ஓவியத்துக்கு யார் உரிமை கொண்டாட முடியும்? நான் பாட்டுக்குப் போட்டுவிட்டால் என்ன ஆகும்?

கறுப்புக்கோட்டு:
ஓவியத்துக்கு ஒருவரும் உரிமை கேட்க முடியாது. அதை எடுத்த புகைப்படத்துக்குக் கேட்கலாம், சிக்கல் அங்கேதான். 1957 காப்பிரைட் சட்டப்படி புகைப்படமும் ஒரு கலைப்படைப்பு. முன்பு படம் வெளியானதிலிருந்து 60 ஆண்டு என்று இருந்தது, 2012 திருத்தத்தில் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள், இப்போது எடுத்தவரின் ஆயுள், அதற்கு மேல் 60 ஆண்டு. அரசு வெளியீடு என்றால் வெளியானதிலிருந்து 60. அதனால் நீங்கள் பாட்டுக்குப் போட்டுவிடாதீர்கள்.

வேப்பமரத்தடி:
வக்கீல் சார் பாதிதான் சொல்கிறார். தட்டையான ஓவியத்தை உள்ளது உள்ளபடி எடுத்த படத்தில் புதிதாக எதுவும் இல்லை, அதற்கு உரிமை கிடையாது என்று 1999-இல் நியூயார்க் நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் உச்ச நீதிமன்றமும் 2007-இல் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில், உழைத்தேன் என்பது மட்டும் போதாது, கொஞ்சமாவது படைப்பாற்றல் வேண்டும் என்றது. அதை வைத்து வாதாடலாமே.

கறுப்புக்கோட்டு:
வாதாடலாம். நாற்பது பக்க நூலுக்காக யார் கோர்ட்டுக்கு அலைவது? அதுவும் போக, ஓவியங்கள் இருக்கும் சாந்தார நாழி, அதாவது கருவறையைச் சுற்றிய உள்வழி, குறுகலானது, பின்னால் தள்ளி நின்று முழுச் சுவரையும் ஒரே படத்தில் பிடிப்பது கஷ்டம். துண்டு துண்டாக எடுத்து ஒட்டியவர், இதில் என் திறமை இருக்கிறது என்று சொன்னால் நீதிபதி காது கொடுத்துக் கேட்பார்.

கல்தச்சன்:
இரண்டு பேரும் பிரிவு எண்ணிலேயே நிற்கிறீர்கள். அங்கே பொதுமக்களை விடுவதில்லை, அதுதான் விஷயம். கோபுரத்தின் படத்துக்கு எவன் காசு கேட்டாலும் கவலை இல்லை, நானே போய் எடுத்துக்கொள்வேன். உள்ளே போக முடியாத இடத்தில், அனுமதி வாங்கிப் போய் எடுத்தவரின் படத்தை விட்டால் வேறு வழி இல்லை, அப்போது படத்தின் உரிமை ஓவியத்தின் உரிமை மாதிரியே ஆகிவிடுகிறது. மூச்சுக்காற்று பட்டு ஓவியம் கெடும் என்பதால் கதவை மூடுவது சரி, ஒத்துக்கொள்கிறேன். மூடுகிறவர்கள் நல்ல படங்களையாவது இலவசமாக வெளியே விட வேண்டாமா? நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017-இல் உரிமைச் சிக்கல் இல்லாத மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை எந்த நிபந்தனையும் இல்லாமல் திறந்துவிட்டது. அங்கே இருக்கும் சோழர் காலத்துப் பார்வதி சிலையின் படத்தை நான் பைசா கொடுக்காமல் இறக்கி வைத்திருக்கிறேன், தஞ்சாவூர்ச் சுவருக்குத்தான் பர்மிஷன்.

இன்னொன்று. ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராஜர் ஆஸ்திரேலியாவில் இருந்து 2014-இல் திரும்பி வந்தாரே, அவர் நம்மவர்தான் என்று காட்டியது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த பழைய புகைப்படம். நாலு பேர் கண்ணில் படுகிற படம் சிலைக்குக் காவல். பூட்டி வைத்த படத்தால் என்ன பிரயோசனம்?

சுவடித்தூசி:
சரி, நான் இப்போது என்ன செய்ய? என் அக்கா மகன் நன்றாக வரைவான். படத்தைப் பார்த்துக் கோட்டோவியமாகப் போட்டுக் கொடுத்தால்?

கறுப்புக்கோட்டு:
தாராளமாக. யானையும் சுந்தரரும் சோழ ஓவியனின் கோடுகள், அவை எல்லாருக்கும் சொந்தம். புகைப்படக்காரர் கொண்டுவந்த வெளிச்சத்தையும் சட்டகத்தையும் காப்பி அடிக்காமல் இருந்தால் போதும். இன்னொரு வழி, இந்த ஓவியங்களை 1931-இல் வரலாற்று ஆய்வாளர் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார் அல்லவா, 1930-களிலேயே எடுத்த படங்கள் பழைய நூல்களில் இருந்தால் அவற்றின் காலம் 2012 திருத்தத்துக்கு முன்பே, பழைய கணக்கிலேயே முடிந்துவிட்டது. கறுப்பு வெள்ளைதான்.

சுவடித்தூசி:
கறுப்பு வெள்ளை அச்சுத்தான் எங்களுக்குக் கட்டுப்படியாகும்! பழைய நூலைத் தேடுகிறேன், இல்லாவிட்டால் பையனை உட்கார வைக்கிறேன். அழிந்துபோன இடத்தை எல்லாம் அவன் தன் கற்பனையில் நிரப்பாமல் இருக்க வேண்டும், அதற்குத்தான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும்.