காலையில் செயின் சத்தம்: டைமிங் செயின் கழற்றி மாட்டும்போது எதில் கவனம்?

காரைக்குடி வண்டி:
எல்லாருக்கும் வணக்கம். நாலு சிலிண்டர் 1.2 பெட்ரோல், டைமிங் செயின் எஞ்சின் (பிஸ்டன்கள் சுத்துற கிராங்க் தண்டையும் வால்வைத் திறக்கிற கேம் தண்டையும் இணைக்கிற சங்கிலி). 1,30,000 கி.மீ. ஓடியிருக்கு. ராத்திரி நிறுத்தி காலையில் ஸ்டார்ட் பண்ணா புல்லி பக்கம் கடகடன்னு சத்தம். செக்காலைப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் செயின் கிட் மாத்தணும்ங்கிறாங்க. பக்கத்துல நின்னு வேலையைப் பார்க்கலாம்னு இருக்கேன். எதையெல்லாம் கவனிக்கணும் அண்ணே?

தேவகோட்டை ஸ்பானர்:
முதல்ல சத்தம் எவ்வளவு நேரம் இருக்குன்னு சொல்லுங்க தம்பி. ரெண்டு மூணு செகண்டுல அடங்கிட்டா அது டென்ஷனருக்கு (ஆயில் அழுத்தத்தால செயினை விறைப்பா வெச்சிருக்கிற பாகம்) ஆயில் லேட்டா போய்ச் சேர்றதால இருக்கலாம். ஆயில் லெவல், கிரேடு, ஃபில்டர் மூணையும் பாருங்க. மலிவு ஃபில்டர்ல ஆயில் திரும்பி வடியாமத் தடுக்கிற வால்வு சரியா மூடாது. ராத்திரி பூரா கேலரி (எஞ்சினுக்குள்ள ஆயில் போற வழி) காலியாகிடும். சூடான பிறகு ஐடில்லயும் சத்தம் இருந்தாலோ, ஸ்கேனர்ல பி0016 (கிராங்க்கும் கேமும் ஒத்துப்போகலைங்கிற கோளாறுக் குறியீடு) வந்தாலோ செயின் கவரைத் திறக்கத்தான் வேணும். செயின் மட்டும் மாத்தாதீங்க. டென்ஷனர், ரெண்டு கைடு (செயின் உரசி ஓடுற பட்டை), கிராங்க் ஆயில் சீல் எல்லாம் புதுசா வேணும். ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடுற பல்சக்கரம்) பல் ஒரு பக்கமா கொக்கி மாதிரி தேஞ்சிருந்தா அதையும் சேர்த்து மாத்துங்க.

செம்மண் ரோடு:
கழற்றும் முறை: பேட்டரி நெகட்டிவ், வலது முன் சக்கரம், உள் மட்கார்டு, பெல்ட், ஆயில், டேப்பட் கவர் (எஞ்சின் மேல்மூடி). அப்புறம் வலது மவுண்ட் (எஞ்சினைத் தாங்குற பிடி). சம்ப்பையும் (அடியில ஆயில் நிக்கிற தொட்டி) இறக்கவேண்டிய எஞ்சின்னா கீழே ஜாக்கி வைக்க இடமே இருக்காது. மேலே பார் போட்டுத் தொங்கவிடணும். பலரும் பாதி வேலையில்தான் இதைக் கவனிப்பாங்க.

முதல் சிலிண்டரை கம்ப்ரஷன் டிடிசிக்குக் (வால்வுகள் மூடி, பிஸ்டன் உச்சியில் இருக்கிற நிலை) கொண்டுவாங்க. புல்லி மார்க் மட்டும் பார்த்தா போதாது: கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினாத்தான் கேம் ஒரு சுத்து. அதனால முதல் சிலிண்டர் வால்வுகள் ரெண்டு பக்கமும் மூடியிருக்கான்னு பாருங்க. புல்லி போல்ட்டை ஹோல்டர் வெச்சுக் கழற்றுங்க. பானாவை மாட்டி ஸ்டார்ட்டரைத் தட்டிக் கழற்றுறது கையை முறிக்கும்.

டென்ஷனர் பிளஞ்சரை (செயின் பக்கம் தள்ளுற தண்டு) உள்ளே தள்ளி, ஓட்டையில் பின் சொருகிட்டு எடுங்க. செயின் வெளியே வந்துட்டா கேமையோ கிராங்க்கையோ தனியாத் திருப்பவே கூடாது. பிஸ்டன் வால்வை இடிச்சா ஹெட்டை இறக்கவேண்டிவரும். கிராங்க் சாவியும் (ஸ்ப்ராக்கெட்டைக் கிராங்க்கோட பிடிச்சு வைக்கிற சின்னத் துண்டு) சம்ப்புக்குள்ள விழாமப் பாருங்க.

தேவகோட்டை ஸ்பானர்:
கவர் போல்ட் எல்லாம் ஒரே நீளம் இல்லை. அட்டையில கவர் படம் வரைஞ்சு அந்தந்த இடத்துல குத்தி வைக்கச் சொல்லுங்க. நீளமான போல்ட் தப்பான ஓட்டையில போனா அலுமினியத்தை உடைச்சிடும். நம்ம ஊர் செம்மண் தூசிக்கு, எஞ்சினோட திறந்த வாயைத் துணி போட்டு மூடாம டீ குடிக்கப் போகக்கூடாது.

செம்மண் ரோடு:
மாட்டும்போது கலர் லிங்க்கை (செயின்ல நிறம் போட்ட கண்ணி) ஸ்ப்ராக்கெட் மார்க்கோட பொருத்துங்க. நிலையான கைடு பக்கம் செயின் விறைப்பா, தொய்வு மொத்தமும் டென்ஷனர் பக்கம் இருக்கணும். பின்னை இழுத்துட்டு, ஸ்பார்க் பிளக் கழற்றின நிலையில், எஞ்சின் சுத்துற திசையிலேயே கையால கிராங்க்கை ரெண்டு சுத்து. எங்கயாவது முட்டினா நிறுத்துங்க, பலம் கொடுக்காதீங்க.

காரைக்குடி வண்டி:
ரெண்டு சுத்து சுத்தினப்புறம் கலர் லிங்க் மார்க்குக்கு வரலைன்னா தப்பா மாட்டியிருக்குன்னு அர்த்தமா?

செம்மண் ரோடு:
இல்லை. ஸ்ப்ராக்கெட் மார்க்குகள் தங்கள் இடத்துக்கு வந்தா போதும். லிங்க் எண்ணிக்கைக்கும் பல் எண்ணிக்கைக்கும் கணக்கு ஒத்துவர ரொம்ப சுத்து ஆகும். கலர் மாட்டுறதுக்கு மட்டும்தான்.

தேவகோட்டை ஸ்பானர்:
கவருக்கு அனபாண்ட் 666 மாதிரி சிலிக்கான் பேஸ்ட் போதும். பழசைச் சுரண்டி, ஆயில் பசை இல்லாமத் துடைச்சு, ஏறக்குறைய 3 மி.மீ. கோடு. தாராளமாப் பூசினா உள்ளே பிதுங்கி, பிஞ்சு, ஆயில் ஸ்ட்ரெய்னரை (ஆயில் உறிஞ்சுற இடத்துச் சல்லடை) அடைக்கும். சித்திரை வெயில்ல சீக்கிரம் தோல் கட்டும். பூசின கையோட கவரை வெச்சிடணும். புல்லி போல்ட்டுக்கு மேனுவல் அளவுப்படி டார்க் ரெஞ்ச். டியூப்ல போட்டிருக்கிற நேரம் காயவிட்டு ஆயில் ஊத்துங்க. இன்ஜெக்டர் கனெக்டரையும் காயில் கனெக்டரையும் கழற்றிட்டு, ஆயில் லைட் அணையுற வரைக்கும் அஞ்சஞ்சு செகண்டா ஸ்டார்ட்டர் அடிங்க. அதுக்கப்புறம் மாட்டி ஸ்டார்ட் பண்ணலாம்.