உதவி: தேயிலை மடலீனுக்குத் திமில் எழும்பவில்லை, வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

உருத்திரபுரத்தாள் | செவ்வாய், இரவு 9.12
வணக்கம். தேயிலை மணம் போட்ட மடலீன் (சிப்பி அச்சில் சுடும் பிரெஞ்சுச் சின்னக் கேக்) மூன்று தடவை செய்தேன், மூன்றும் பிழைத்துவிட்டன. அடியில் சிப்பி வரிகள் வடிவாக விழுகின்றன. மேலே நடுவில் மாட்டுத் திமில் போல ஒன்று எழும்ப வேண்டும் அல்லவா, அது வரவே இல்லை, தட்டையாகக் கிடக்கிறது. கரை கறுத்துவிடுகிறது, நடு வெளிறிப்போய் இருக்கிறது. தேயிலை மணம் துளியும் இல்லை, ஆனால் நாக்கில் கசக்கிறது. செய்முறையில் உள்ளபடி அப்படியே செய்தேன். வெள்ளிக்கிழமை பாரிஸ் மாமி வருகிறார். அச்சுத் தட்டைப் போன வருடம் தந்தவரும் அவர்தான். எங்கே பிழை? கெதியாகச் சொல்லுங்கள்.

மாங்குளத்தான் | 9.20
எந்தச் செய்முறை? எத்தனை கிராம்? ஓவன் எவ்வளவு பெரியது? எத்தனை பாகை, எத்தனை நிமிடம்? மாவைக் குளிர வைத்தீர்களா? தேயிலையை எதில் போட்டீர்கள்? "அப்படியே செய்தேன்" என்று எழுதினால் நாங்கள் எதைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்வது, தங்கச்சி?

கரண்டிக்காம்பு | 9.31
பேக்கிங் பவுடர்தான், வேறு எதையும் தேட வேண்டாம். திறந்து வைத்து ஒரு மாரிகாலத்தைக் கண்ட பவுடருக்கு உயிர் இருக்காது. அரைக் கோப்பை சுடுநீரில் ஒரு தேக்கரண்டி போட்டுப் பாருங்கள். சீறி நுரைத்தால் நல்லது. சும்மா கலங்கினால் கொட்டிவிட்டுப் புதியது வாங்குங்கள்.

பழைய போறணை | 9.48
பாண் போறணைக்கு முன்னால் இருபத்தெட்டு வருடம் நின்றவன் சொல்கிறேன், கேட்டால் கேளுங்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் இரவு வீடியோ பார்த்து ஆசைப்படுகிறார்கள், காலையில் மாவைக் கரைக்கிறார்கள், பின்னேரம் இங்கே வந்து அழுகிறார்கள். சூட்டை அறியாமல் மாவில் கை வைக்கக் கூடாது. எங்களிடம் பாகையும் இல்லை, திருகும் குமிழும் இல்லை. ஒரு பிடி மாவைப் போறணைத் தளத்தில் எறிவோம். உடனே கறுத்தால் பொறுக்க வேண்டும். பொன்னிறத்துக்கு வந்தால் பாணை உள்ளே விடலாம். வெளிறிக் கிடந்தால் இன்னும் விறகு. மடலீன் என்பது பெயரில்தான் பெரிய சங்கதி, ஆள் வெறும் பட்டர் கேக். பட்டர் கேக் ஒழுங்காகப் போடத் தெரிந்தவருக்கு இதுவும் வரும்.

லாச்சப்பல் அயல் | 10.05
ஐயா, அளவில் நீங்கள் சொல்வது சரி. முட்டை, சீனி, மா, பட்டர் நான்கும் ஏறக்குறைய சம நிறை. எங்கள் அம்மாமாரின் இறாத்தல் கேக்கும் அந்தக் கணக்குத்தான். செய்யும் முறை வேறு. கேக்குக்குப் பட்டரையும் சீனியையும் வெளுக்க வெளுக்க அடிப்போம், காற்று அதில் ஏறும். மடலீனுக்குப் பட்டரை உருக்கி ஊற்றுவார்கள், காற்று அதிகம் இராது. ஆகவே திமிலை எழுப்புவது சூடும் குளிரும் முட்டிக்கொள்ளும் இடம்தான்.

கரை மெல்லியது, முதலில் வெந்து இறுகிவிடும். சிப்பியின் நடு ஆழமானது, அங்கே மா இன்னும் குளிராகவும் இளக்கமாகவும் இருக்கும். பிறகு அது கொதித்து வீங்கும்போது கரைப் பக்கம் வழி அடைத்திருக்கும். மேலே மட்டுமே இடம். அதனால் மாவைச் சில மணி நேரமாவது குளிர வைத்து, 220 பாகையில் தொடங்கி, ஐந்து நிமிடத்தில் 180 அளவுக்குக் குறைத்து, மொத்தம் பத்து நிமிடத்தில் எடுக்க வேண்டும்.

இதற்குப் பெயர்பெற்ற ஊர் பிரான்சின் லொரேன் பகுதியில் உள்ள கொமேர்சி. 1755இல் மடலீன் என்ற பணிப்பெண் அங்கே ஒரு பிரபுவுக்குச் செய்து கொடுத்தாள் என்று ஒரு கதை இருக்கிறது. இங்கே பாரிசில் இப்போது பெரும்பாலானோர் கடையில் பை பையாகத்தான் வாங்குகிறோம். உங்கள் மாமியும் பையில் உள்ளதைத்தான் தின்றிருப்பார், பயப்படாதீர்கள்.

உருத்திரபுரத்தாள் | 10.22
நன்றி. முட்டை 2, சீனி 100, மா 100, பட்டர் 100 கிராம், பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டிக்குச் சற்று மேல். பவுடர் நுரைக்கிறது, பார்த்துவிட்டேன். ஓவன் மேசையில் வைக்கும் சின்னது. 220 பாகைதான். மாவை இரவு முழுவதும் பிரிட்ஜில் வைத்தேன். தேயிலையைக் கடும் சாயமாகக் காய்ச்சி மூன்று மேசைக்கரண்டி ஊற்றினேன்.

மாங்குளத்தான் | 10.26
ஊர்க்கோழி முட்டையா, பண்ணை முட்டையா? ஊர்க்கோழி முட்டை இரண்டை உடைத்தால் 80 கிராமும் தேறாது. நிறுத்துப் போடுங்கள்.

சாயக்கோப்பை | 10.40
கசப்புக்குக் காரணம் அந்தச் சாயம்தான், அக்கா. தேயிலையின் துவர்ப்பும் கசப்பும் தண்ணீரில் நன்றாக இறங்கும். மணத்தில் பெரும்பகுதியை நெய்யும் பட்டரும் பிடித்துவைத்துக்கொள்ளும். நீங்கள் காய்ச்சிக் காய்ச்சி மணத்தை ஆவியாக விட்டுவிட்டு, கசப்பை மட்டும் அள்ளி மாவில் ஊற்றியிருக்கிறீர்கள். போதாததற்குச் செய்முறையில் இல்லாத மூன்று கரண்டித் தண்ணீரும் உள்ளே போய்விட்டது.

பட்டரை மெல்லிய தீயில் உருக்குங்கள். இறக்கிவைத்து இரண்டு மேசைக்கரண்டி தேயிலையைப் போட்டு மூடுங்கள். கால் மணி நேரம் கழித்து, சூடு ஆறுமுன் துணியில் வடியுங்கள். தேயிலை கொஞ்சம் பட்டரைக் குடித்துவிடும். ஆகவே 125 கிராம் உருக்கி, வடித்தபின் 100 நிறுத்து எடுங்கள். இன்னும் மணம் வேண்டுமானால் ஒரு தேக்கரண்டித் தேயிலையை மாவாக இடித்து, சீனியோடு கசக்கிச் சேர்க்கலாம்.

பிரெஞ்சுச் செய்முறைகளில் ஏர்ல் கிரே என்று இருக்கும். அது பேர்கமொட் என்ற தோடைச் சாதிப் பழத்தின் தோல் எண்ணெய் சேர்த்த கறுப்புத் தேயிலை. அது அகப்படாவிட்டால் நம் தேசிக்காயின் பச்சைத் தோலைத் துருவிப் போடுங்கள். வெள்ளைப் பகுதி படக் கூடாது, அதுவும் கசக்கும்.

பழைய போறணை | 10.55
தேயிலை என்று எதைப் போட்டீர்கள், சந்தையில் விற்கும் டஸ்ட் தூளா? அது தொழிற்சாலையில் கூட்டி அள்ளும் குப்பை. அதைப் போட்டால் எந்தப் பட்டரும் மணக்காது. நுவரெலியாத் தேயிலை போட வேண்டும்.

கொழுந்துக்கூடை | 11.02
குப்பை இல்லை, ஐயா. டஸ்ட் என்பது அளவின் பெயர். அரைத்துக் காயவைத்த தேயிலையைச் சல்லடைகளில் விட்டால் பி.ஓ.பி. என்ற பெரிய துணுக்கு, அதைவிடச் சின்னதாக பி.ஓ.பி.எஃப்., கடைசியில் டஸ்ட் என்று பிரியும். துணுக்குச் சிறிது என்பதால் சாயம் விரைவாக இறங்கும், அவ்வளவுதான். நல்ல தோட்டத்து டஸ்ட்டும் இருக்கிறது, மட்டமான பி.ஓ.பி.யும் இருக்கிறது.

பழைய போறணை | 11.08
குடித்துப் பார்த்தவனுக்குத் தெரியும். வன்னியில் தேயிலைச் செடி ஒன்று உண்டா, எங்களுக்குள் ஏன் இந்த வாதம்?

கொழுந்துக்கூடை | 11.19
வன்னியில் செடி இல்லை. செடியோடு இருந்த ஆட்கள் இருக்கிறார்கள். என் அம்மா மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் கொழுந்து பறித்தவர். 1977 கலவரத்தில் உடுத்த துணியோடு வவுனியாவுக்கு வந்து, பிறகு கிளிநொச்சியில் காடு வெட்டிக் குடியிருந்தோம். அம்மா கடையில் தேயிலை வாங்கினால் பக்கற்றை அங்கேயே பிரித்து, உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி, வாயால் ஒரு முறை சூடாக ஊதுவார். பிறகு கையை மூக்கருகில் கொண்டுபோவார். பழைய தேயிலை என்றால் சாக்கு மணக்கும். கடைக்காரர் முகம் சுருங்கிவிடும். மணம் பார்க்க அதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியாது.

நுவரெலியாத் தேயிலை பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்த மென்மை பால் விடாத தேநீருக்குத்தான் அழகு. பட்டரும் முட்டையும் சீனியும் அதை அமுக்கிவிடும். பலகாரத்துக்குத் திம்புல, ருகுண போன்ற பகுதிகளின் உரமான தேயிலைதான் நிற்கும் என்பது என் எண்ணம்.

பழைய போறணை | 11.24
நான் யாருடைய அம்மாவையும் சொல்லவில்லை. தூளைத்தான் சொன்னேன்.

பரந்தன் வயர்மன் | புதன், காலை 6.10
இரவு முழுவதும் தேயிலை, தேயிலை என்று எழுதியிருக்கிறீர்கள். கரை கறுத்து நடு வேகவில்லை என்று அந்தப் பிள்ளை சொன்னதை ஒருவரும் பார்க்கவில்லை. மின்னழுத்தத்தைப் பாருங்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் 230 வோல்ட் 200க்கு இறங்கினால் சூட்டுக்கம்பியின் வலு முக்கால் பங்காகிவிடும். 1500 வாட் ஓவன் 1100 சொச்சத்தில் மூச்சு வாங்கும். குமிழில் 220 என்று இருக்கும், உள்ளே இராது. காலை வேளையில் சுட்டுப் பாருங்கள்.

ஒட்டுசுட்டான் பேத்தி | 8.35
அம்மம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். பொருளாதாரத் தடை இருந்த 90களில் மின்சாரமும் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் தவம். சட்டிக்குள் மணல் பரப்பி, அதன்மேல் கேக் தட்டை வைத்து மூடி, மூடியின் மேலே சிரட்டைத் தணல் போடுவார்களாம். அடியில் கொஞ்சம், மேலே நிறைய. பிள்ளைகளின் பிறந்தநாள் கேக் எல்லாம் அப்படித்தான் வெந்ததாம். "மேலே தணல் போட்டால் ஏன் எழும்பாது என்று கேள்" என்கிறார்.

லாச்சப்பல் அயல் | 8.50
அம்மம்மாவுக்கு வணக்கம். ஆனால் மேலே தணல் கூடினால் மேற்பரப்பு முதலில் இறுகித் திமில் அமுங்கிவிடும் அல்லவா?

ஒட்டுசுட்டான் பேத்தி | 9.04
"பாரிசில் இருப்பவர் வந்து சுட்டுக் காட்டட்டும்" என்கிறார்.

மாங்குளத்தான் | 9.30
உருத்திரபுரத்துத் தங்கச்சி, இரண்டு கேள்வி. மாவை அச்சில் ஊற்றியபின் ஓவன் சூடாகும் வரை வெளியே வைத்திருந்தீர்களா? இந்தச் சோளக வெயிலில் பத்து நிமிடம் வெளியே நின்றால் இரவு முழுவதும் குளிர்ந்தது வீண். அடுத்தது, தட்டு ஓவனுக்குள் எப்படி இருக்கிறது? சுவரிலோ கம்பியிலோ முட்டுகிறதா?

உருத்திரபுரத்தாள் | 12.47
வெளியே வைக்கவில்லை, ஓவன் காய்ந்த பிறகுதான் ஊற்றினேன். தட்டில் 12 குழி, நீளம் கூட. குறுக்கே வைக்க இடம் போதாது. நீட்டாக வைத்தால் முனை வெளியே கொஞ்சம் தள்ளிக்கொண்டு நிற்கும். அதனால் கதவு முழுவதும் மூடாது, இரண்டு விரல் இடைவெளி இருக்கும். அங்கே துணி செருகி வைப்பேன்.

மாங்குளத்தான் | 12.49
கதவு மூடாதா?

பரந்தன் வயர்மன் | 12.53
துணியை உடனே எடுங்கள், தங்கச்சி. சூட்டுக்கம்பிக்குப் பக்கத்தில் துணியா? வீடு போய்விடும்.

மின்னழுத்தம் பற்றி நான் சொன்னதை விடுங்கள், இதுதான் காரணம். கதவு திறந்திருந்தால் உள்ளே காற்று சூடேறாது. சூடு போதவில்லை என்று கம்பி அணையாமல் சிவந்துகொண்டே இருக்கும். கம்பிக்குக் கிட்ட இருக்கும் கரை கருகும், நடு பச்சையாக இருக்கும்.

பழைய போறணை | 1.15
இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன், சூட்டை அறிய வேண்டும் என்று. கதவு மூடாத போறணையில் பாண் சுட்டவன் உலகத்தில் இல்லை. அச்சை எடுத்துக்கொண்டு பக்கத்து வெதுப்பகத்துக்குப் போங்கள். பாண் இறக்கிய பிறகு சூடு தணியத் தொடங்கும் நேரத்தைக் கேட்டு வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருவரும் காசு கேட்க மாட்டார்கள்.

கரண்டிக்காம்பு | 1.40
என்றாலும் பேக்கிங் பவுடரைப் புதிதாக வாங்குவது நல்லது.

உருத்திரபுரத்தாள் | வியாழன், இரவு 8.31
எல்லோருக்கும் நன்றி. வெதுப்பகத்துக்குப் போக வெட்கமாக இருந்தது. தம்பி இரும்பு அறுக்கும் வாளால் தட்டை நடுவே அறுத்து ஆறு ஆறு குழியாக்கிவிட்டான். கதவு இப்போது மூடுகிறது. முட்டை நிறுத்துப் போட்டேன், தேயிலையைப் பட்டரில் ஊறவைத்தேன், தேசிக்காய்த் தோலும் போட்டேன். முதல் ஆறில் நான்குக்குத் திமில் வந்தது, ஒன்று ஒரு பக்கம் சாய்ந்து வந்தது. கசப்பு இல்லை. மாமி தட்டைக் கேட்டால் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.

கொழுந்துக்கூடை | 8.36
கடைசியில் எந்தத் தேயிலை போட்டீர்கள்?

பழைய போறணை | 8.52
அறுத்த கரைக்கு அரம் போட்டீர்களா? தகரம் கையைக் கிழிக்கும். ஒட்டாமல் இருக்கப் பூசிய பூச்சும் அந்த இடத்தில் உரிந்திருக்கும், அறுத்த பக்கத்துக் குழிகளுக்குப் பட்டரைக் கொஞ்சம் கூடத் தடவி மா தூவுங்கள்.

கொழுந்துக்கூடை | வெள்ளி, காலை 7.15
டஸ்ட்டா, பி.ஓ.பி.யா, அதையாவது சொல்லிவிட்டுப் போங்கள் தங்கச்சி.