ஜெர்மனியில் கிராமத்து விடுதி விருந்து: சைவம் உண்பவரும் மது தொடாதவரும் என்ன செய்வது?

மேலூர்க்காரர்:
அனைவருக்கும் வணக்கம். என் மகள் ஜெர்மனியில் ஹைல்பிரான் நகருக்கு அருகே ஒரு கிராமத்தில் குடியிருக்கிறாள். வருகிற அக்டோபரில் நானும் என் மனைவியும் அங்கே செல்கிறோம். அவள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் உரிமையாளர்களான வயதான தம்பதியர், ஊரிலுள்ள பழைய காஸ்ட்ஹவுஸ் (கிராமத்து உணவு விடுதி) ஒன்றில் எங்களுக்கு விருந்து வைக்கப்போவதாக இப்போதே சொல்லிவிட்டார்களாம். மனைவி சைவம், முட்டை மட்டும் சேர்த்துக்கொள்வார். நான் ஆடு, கோழி, மீன் சாப்பிடுவேன். மாட்டுக்கறியும் பன்றிக்கறியும் எங்கள் வீட்டில் வழக்கமில்லை. மதுவை வாழ்நாளில் தொட்டதில்லை. கிடா வெட்டுக்கு வந்தவர் இலையில் கை வைக்காமல் எழுந்தால் அழைத்தவர் மனம் என்ன பாடுபடும் என்று அறிந்தவன் என்பதால்தான் கேட்கிறேன். அனுபவப்பட்டவர்கள் வழி சொல்ல வேண்டும்.

வைகைக்கரை:
ஐயா, அந்தப் பக்கத்தில் ஏழாண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். அது ஸ்வேபியா எனப்படும் தென்மேற்கு ஜெர்மனிப் பகுதியின் சமையல் வழங்கும் வட்டாரம் என்பதால் அம்மாவுக்குக் கவலையே வேண்டாம். அங்கே ஸ்பெட்ஸ்லே என்று ஒன்று உண்டு. கோதுமை மாவில் முட்டை சேர்த்துத் தளர்வாக அடித்து, ஈரப்பலகையில் பரப்பி, நீண்ட கத்தியால் இழை இழையாகச் சீவிக் கொதிக்கும் நீரில் தள்ளுவார்கள். வெந்தது மேலே மிதந்து வந்ததும் ஜல்லிக்கரண்டியால் அள்ளி, துருவிய பாலாடைக்கட்டியை அடுக்கடுக்காகப் போட்டு, பொன்னிறமாக வறுத்த வெங்காயத்தைத் தூவித் தருவார்கள். சூடு ஆறுவதற்குள் சாப்பிட வேண்டும்.

கவனம் வேண்டியது, பார்வைக்குச் சைவமாகத் தெரிபவற்றில்தான். அந்த ஊர் உருளைக்கிழங்கு சாலட்டில் மயோனைஸ் கிடையாது; பெரும்பாலும் சூடான மாட்டிறைச்சிச் சாற்றை ஊற்றித்தான் பிசைவார்கள். பருப்போடு ஸ்பெட்ஸ்லே என்பது நமக்கு நெருக்கமான உணவாகத் தோன்றினாலும், பருப்பிலேயே புகையூட்டிய பன்றிக்கொழுப்பு கிடக்கும், மேலே சாசேஜ் வேறு இருக்கும். அக்டோபரில் வீட்டுக்கு வீடு செய்யும் வெங்காய அடையிலும் அந்தக் கொழுப்பு உண்டு. மவுல்டாஷன் என்பது கீரையும் கறியும் பொதிந்த கொழுக்கட்டை போன்றது. கறி உண்ணக் கூடாத தவக்காலத்தில் அதைக் கடவுளின் கண்ணுக்குத் தெரியாமல் மாவுக்குள் ஒளித்தார்கள் என்று அங்கே கதை சொல்வார்கள். ஸவர்பிராட்டன் என்னும் காடியில் ஊறவைத்துச் சமைத்த கறி பெரும்பாலும் மாட்டுக்கறி, ஷ்னிட்செல் என்னும் ரொட்டித்தூள் தடவிப் பொரித்த கறித்துண்டு பன்றி அல்லது கன்றுக்கறி. ஆகவே வெண்ணெயில் பொரித்த ட்ரவுட் மீன் உங்களுக்கு ஏற்றது. மகள் இரண்டு நாள் முன்னதாகத் தொலைபேசியில் சொல்லிவிட்டால் சமையற்கட்டில் தனியாகவே செய்து தருவார்கள்.

கம்பம் திராட்சை:
மது குறித்து நான் சொல்கிறேன். திராட்சை விவசாயி என்பதால் அந்தச் சரிவுகளை நேரில் பார்க்கவே போனேன். நம் பக்கத்தில் பந்தல் போட்டு, ஆண்டு முழுவதும் ஏதாவதொரு தோட்டத்தில் வெட்டிக்கொண்டிருக்கிறோம். அவர்களுக்கோ இலையுதிர்காலத்தில் ஒரே ஓர் அறுவடை. அந்த வட்டாரத்தில் அன்றாடம் அருந்துவது ட்ரோலிங்கர் என்னும் வெளிர்சிவப்பு ஒயின். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கம்பம் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் இனம். அந்த இனத்தின் பெற்றோரில் ஒன்று இந்த ட்ரோலிங்கர் கொடிதான். இதை அங்கே ஒரு முதியவரிடம் சொன்னபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

குடிக்காதவரை யாரும் வற்புறுத்த மாட்டார்கள். திராட்சைச் சாற்றில் சோடா கலந்து கேளுங்கள். ஆனால் அக்டோபரில் 'புதிய ஒயின்' என்று கலங்கலாக, இனிப்பாக ஒன்று வரும். சாறு என்று எண்ணி வாங்கிவிடாதீர்கள். கள்ளைப் போலப் பொங்கிக்கொண்டே இருக்கும் என்பதால் புட்டியை இறுக மூடவே மாட்டார்கள்.

வாசலில் துடைப்பம் தொங்கும் வீடு கண்ணில் பட்டால், அது பேசன் எனப்படும் விவசாயி வீட்டு ஒயின் கடை. ஆண்டில் சில மாதங்கள் மட்டுமே திறந்திருக்கும் சிறிய கடை. அங்கேயும் ஒருமுறை சென்று உட்காருங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, திருநகர்:
மேசையில் நான் கற்றதைச் சேர்க்கிறேன். எல்லோருடைய தட்டும் வரும்வரை யாரும் தொடங்குவதில்லை. கோப்பையை உயர்த்தும்போது அது சாறாகவே இருந்தாலும் எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்து 'சூம் வோல்' (உங்கள் நலத்துக்கு) என்று சொல்ல வேண்டும். உள்ளே நுழைந்ததும் காலியாகத் தெரியும் பெரிய மேசையில் அமர வேண்டாம். அது ஸ்டாம்டிஷ், ஊர்ப் பெரியவர்கள் வாடிக்கையாக உட்காரும் இடம். நான் விவரம் தெரியாமல் அமர்ந்து, பிறகு எழுந்து மாற வேண்டியதாயிற்று. தட்டில் மிச்சம் வைப்பதுதான் அவர்களுக்கு வருத்தம். சிறிய அளவு வேண்டுமென்று முதலிலேயே கேட்பதில் குறையொன்றும் இல்லை.

மேலூர்க்காரர்:
மூவருக்கும் மிக்க நன்றி. விடுதிக்கு முன்கூட்டியே பேசும்படி மகளிடம் சொல்லிவிட்டேன். மனைவிக்கு ஸ்பெட்ஸ்லே, எனக்கு மீன் என்று முடிவாகிவிட்டது. கம்பத்து நண்பரே, அந்தத் தம்பதியருக்குக் காட்டப் பன்னீர் திராட்சைப் பந்தலைப் படமெடுத்துக்கொண்டு போக விரும்புகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் தோட்டத்துக்கு வரலாமா?