ரோஸ்மேரி எண்ணெய்: 5 மாதங்களுக்குப் பின் தலைத்தோல் அரிப்பு

எனக்கு வயது 34. கடந்த 14 மாதங்களாக உச்சந்தலையில் முடி அடர்த்தி குறைந்துவருகிறது. பரம்பரை வழுக்கை என்று தோல் மருத்துவர் உறுதிசெய்தார், தைராய்டு, இரும்புச்சத்துப் பரிசோதனைகளில் குறையில்லை. முதலில் கரிசலாங்கண்ணித் தைலத்தை 3 மாதங்கள் தடவியும் பலனில்லை. பிறகு, ரோஸ்மேரி எண்ணெய் 6 மாதங்களில் 2 சதவீத மினாக்சிடில் என்ற, தலையில் தடவும் முடி வளர்ச்சி மருந்துக்கு இணையான பலன் தந்ததாக 2015இல் வெளியான ஆய்வை (100 பேரிடம் மட்டுமே நடந்த சிறிய ஆய்வுதான்) நம்பி, அதை ஜோஜோபா எண்ணெயில் சில சொட்டுகள் கலந்து 5 மாதங்களாக நாள்தோறும் தடவிவருகிறேன். உதிர்வு சற்றுக் குறைந்ததாகத் தோன்றினாலும், 3 வாரங்களாகத் தலைத்தோலில் அரிப்பும் சிவப்பும் உள்ளன. ஷாம்பூவை மாற்றியும், சொட்டுகளைப் பாதியாகக் குறைத்தும் அவை அடங்கவில்லை. இதே நிலையைச் சந்தித்தவர்கள் கூறுங்கள்: மீதமுள்ள ஒரு மாதத்தையும் முடிப்பதா, உடனே நிறுத்திவிட்டு மினாக்சிடிலுக்கு மாறுவதா?