பாலர் வகுப்பில் சமாதானம் கைமாறிய நாள்

எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் ஓய்வுநாள் பள்ளியின் பாலர் வகுப்பை பதினோரு வருஷமாக நடத்துகிறேன். எல்லாம் நாலு, ஐந்து வயசுப் பிள்ளைகள். நான் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். இசை நாற்காலி வைத்து, இடம் கிடைக்காத பிள்ளை ஒரு வசனம் சொல்லிவிட்டு வெளியேற வேண்டும் என்றேன். முதலில் அவுட்டான பையன் அடுத்த வாரம் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வரவே மாட்டேன் என்று நின்றான். வசனத்தைத் தண்டனையாக்கிவிட்டேனே என்று அப்போதுதான் உறைத்தது.

அப்புறம் விளையாட்டை வெளியே தேடவில்லை, ஆராதனையிலிருந்தே எடுத்தேன். அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்தில் ஒருவருக்கொருவர் சமாதானம் கொடுப்போம் அல்லவா? வலது உள்ளங்கையோடு வலது உள்ளங்கை சேர, அவரவர் இடது கை அடுத்தவர் கையை மூடும். 1950-ல் வந்த நம் ஆராதனை முறையில், கேரளத்துச் சுரியானி சபைகளின் வழக்கத்திலிருந்து சேர்த்தது அது. பிள்ளைகளை வட்டமாக உட்கார்த்தி, கண்ணை மூடச் சொல்லி, முதல் பிள்ளைக்கு நான் கொடுப்பேன். சத்தமில்லாமல் சுற்றி வந்து கடைசிப் பிள்ளைக்குக் கிடைத்ததும் சின்ன மணி அடிக்க வேண்டும். யாரும் அவுட் கிடையாது.

ஒருநாள் மணிச் சத்தமே வரவில்லை. பார்த்தால், கிரேயானுக்குச் சண்டை போட்ட இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில். மற்ற பிள்ளைகள் கண்ணை மூடியபடி காத்திருக்கிறார்கள். நான் வாயே திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒருவன் உள்ளங்கையை டவுசரில் துடைத்துவிட்டு நீட்டினான்.

அடுத்த திருவிருந்தில், கும்பிட மட்டும் கை கூப்பிய ஒரு பாட்டியின் கையைப் பிரித்து, “இப்படி ஆச்சி” என்று அவனே காட்டிக் கொடுத்தான்.

*

அக்கா, உங்கள் சமாதான விளையாட்டைப் படித்தேன். எங்களுடையது கத்தோலிக்கக் கோயில். நான் பேத்தியோடு விளையாடுவது நிற விளையாட்டு. முற்றத்தின் நாலு மூலையிலும் சாமியார் அந்தந்தக் காலத்தில் உடுத்தும் பூசை உடையின் நிறத்தில் துணி கட்டுவேன்: திருவருகைக் காலத்துக்கு ஊதா, கிறிஸ்து பிறப்புக்கு வெள்ளை, தூய ஆவி தீ நாக்குகளாக இறங்கிய பெந்தெகோஸ்தேக்குச் சிவப்பு, பொதுக்காலத்துக்குப் பச்சை. நான் காலத்தைச் சொன்னால் அவள் அந்த நிறத்துக்கு ஓட வேண்டும். குருத்தோலை ஞாயிறன்று சாமியார் சிவப்பில் வந்ததும் என் காதில் கேட்டாள்: “தீ நாக்கு வர்ற நாள் இன்னைக்கு இல்லையே, பாட்டி?” இயேசு பாடுபடப் போகிற வாரம், அவர் சிந்தின ரத்தத்துக்காகச் சிவப்பு என்றேன். பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பூசை முடியும்வரை மடியில் அசையவில்லை.

*

விடுமுறை வேதாகமப் பள்ளியில் நான் செய்ததையும் சொல்கிறேன். குழந்தைக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் மௌன விளையாட்டு தெரிந்திருக்கும்: பிள்ளைகள் ஆடாமல் அசையாமல் இருக்க, பெரியவர் தள்ளி நின்று ஒவ்வொரு பேராக மெல்லக் கூப்பிடுவார். நான் யோவான் 10-ம் அதிகாரத்தில் ஆடுகளைப் பேர் சொல்லிக் கூப்பிடும் மேய்ப்பன் கதையைச் சொல்லிவிட்டு, கதவுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டேன். இருபது பிள்ளைகள். எப்போதும் கத்துகிற கூட்டம், அன்றைக்கு மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. கடைசியாகக் கூப்பிட்ட பெண் மெதுவாக நடந்து வந்து என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

“என் பேரை மறந்துட்டீங்கன்னு நினைச்சேன், அண்ணா.”

மறுநாள் முதலில் அவள் பேரைத்தான் கூப்பிட்டேன்.