ஸ்லீப்(2) ஏன் 15 மில்லிசெக்கன் தூங்குகிறது?

அக்கராயன் பெடியன்:
வணக்கம். அப்பாவுக்குக் கச்சான் விதை போடும் கருவி ஒன்று செய்கிறேன். விதைத்தட்டைச் சுற்றுவது படிபடியாகத் திரும்பும் ஸ்டெப்பர் மோட்டார், ஒரு சுற்றுக்கு 200 படி. விண்டோஸ் மடிக்கணினியில் ஃப்ரீ பாஸ்கலில் நிரல் எழுதி, ஒவ்வொரு படிக்கும் பிறகு ஸ்லீப்(2), அதாவது 2 மில்லிசெக்கன் நிறுத்தம், வைத்தேன். 0.4 செக்கனில் முடிய வேண்டிய சுற்று 3 செக்கன் எடுக்கிறது. காலபோகத்துக்கு முன் வயலில் இறக்க வேண்டும். எங்கே பிழை?

வவுனியா அண்ணன்:
தம்பி, உங்கள் நிரலில் பிழை இல்லை. விண்டோஸின் டைமர் வழமையாக 15.625 மில்லிசெக்கனுக்கு ஒருமுறைதான் அடிக்கும். ஸ்லீப் எழும்புவது அந்த அடியில்தான். எம்எம்சிஸ்டம் யூனிட்டைச் சேர்த்து, தொடக்கத்தில் டைம்பிகின்பீரியட்(1), முடிவில் டைம்எண்ட்பீரியட்(1) போடுங்கள்; இடையில் டைமர் ஏறத்தாழ 1 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை அடிக்கும்.

அக்கராயன் பெடியன்:
நன்றி அண்ணா, அரைச் செக்கனுக்கு வந்துவிட்டது. ஆனால் ஒரு படி 2, அடுத்தது 3 மில்லிசெக்கன். தட்டு உதறி, விதையின் தோல் உரிகிறது. அப்பா அந்த விதைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உடைத்து வைத்தவர்.

முழங்காவில்:
2 மில்லிசெக்கனுக்கு ஸ்லீப்பே வேண்டாம். விண்டோஸின் நுண்ணிய நேரமானியான க்வெரிபெர்ஃபார்மன்ஸ்கவுண்டரைப் பார்த்தபடி லூப்பில் சுற்றிக் காத்திருங்கள். நீண்ட இடைவெளி என்றால் பெரும்பகுதியைத் தூங்கி, கடைசி 2 மில்லிசெக்கனை மட்டும் இப்படிச் சுற்றலாம். முக்கியமானது இதுதான்: அடுத்த படியின் நேரத்தை முந்தைய படிக்குக் குறித்த நேரத்திலிருந்து கூட்டுங்கள், ‘இப்போது’ என்பதிலிருந்து அல்ல. இல்லாவிட்டால் சின்னப் பிந்தல்கள் சேர்ந்துகொண்டே போகும். ஆனால் லூப்பில் சுற்றிக் காத்திருந்தால் ப்ராசசரின் ஒரு கோர் முழுதாக ஓடும், பட்டரி சீக்கிரம் இறங்கும். அப்படியும் விண்டோஸ் இடையில் வேறு வேலைக்குத் திரும்பினால் ஒரு படி பிந்தலாம். வயலுக்கென்றால் மோட்டாருக்கான துடிப்பை ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையிடம் கொடுத்து, பாஸ்கலிலிருந்து வேகத்தை மட்டும் அனுப்புங்கள்.

அக்கராயன் பெடியன்:
சரி, இன்றிரவு லூப்பை மாற்றி, முதலில் வெறும் தட்டைச் சுற்றிப் பார்க்கிறேன்.